காயம் காயக் கூடாது

புண் ஆறிவிட்டதா என்று கேட்க நினைத்தால் நம் ஊரில் "காய்ந்துவிட்டதா?" என்றுதான் கேட்போம். சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் முதல் அறுவை சிகிச்சைத் தையல் வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கேள்விதான். காற்றுப் படட்டும், துணி போட்டு மூடாதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், பொருக்குத் தட்டிவிட்டால் பயமில்லை. இதையெல்லாம் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஆறுவது என்றால் காய்வது என்ற மருத்துவக் கொள்கை நம் பேச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

முழங்காலுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. முகத்தில் தீப்பட்டவருக்கு உண்டு. கடந்த அறுபது ஆண்டுகளில் தீக்காயக் கட்டுகளில் வந்த மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையோடு மல்லுக்கட்டியவை என்பது தெரியும். கொலாஜன் தாள், வெள்ளி கலந்த நார்த்துணி, சிலிக்கோன் பூசிய நுரைத் தகடு என்று பெயரும் விலையும் மாறினாலும் வேலை ஒன்றுதான்: காயத்தைக் காயவிடாமல், ஊறி வெளுக்கவும் விடாமல், அடிக்கடி தொந்தரவு செய்யாமல் மூடிவைப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தி ஒருவருக்கு இப்படி ஆயிற்று. காலையில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டார். இரவெல்லாம் கசிந்திருந்த எரிவாயு ஒரு நொடி பற்றி அணைந்தது. நெற்றியிலும் வலது கன்னத்திலும் காதிலும் காயம். பக்கத்து வீட்டார் ஓடிவந்து முதலில் செய்தது, பேனா மையைக் கொண்டுவந்து முகத்தில் ஊற்றியது. மை ஊற்றினால் கொப்புளம் வராது என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. வேறு தெருவாக இருந்திருந்தால் இட்லி மாவு பூசியிருப்பார்கள், அல்லது பற்பசை. உண்மையில் அப்போது வேண்டியது குழாய்த் தண்ணீர் மட்டும்தான். ஐஸ் கூடாது, சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் அதற்குப் பலன் உண்டு. மையால் குளிர்ச்சியும் வராது, பாதுகாப்பும் வராது. அதைவிட மோசம், அடியிலிருக்கும் தோலின் நிறத்தை மறைத்துவிடும். மருத்துவமனையில் மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அந்த நிறத்தைத்தான்.

நிறம் ஏன் முக்கியம்? தீக்காயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆழம். தோலின் மேல்மட்டமும் அதற்குக் கீழே கொஞ்சமும் வெந்திருந்தால் கொப்புளம் வரும், அதன் அடியில் ஈரமான இளஞ்சிவப்பு தெரியும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்கும், தொட்டால் துடிக்கும். இந்தத் துடிப்பு நல்ல சகுனம், நரம்புகள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். இத்தகைய காயம் ஒன்றிரண்டு வாரத்தில் பெரிய தழும்பில்லாமல் ஆறிவிடும். இன்னும் ஆழத்துக்குப் போனால் சிவப்பு திட்டுத்திட்டாகி, அழுத்தினாலும் வெளுக்காது. முழு ஆழமும் வெந்திருந்தால் தோல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கெட்டிப்பட்டு, வலியே இருக்காது. வலி இல்லை என்று வீட்டார் நிம்மதி அடைவதும், அதைக் கேட்டு மருத்துவர் முகம் மாறுவதும் வார்டில் அடிக்கடி நடக்கும்.

இந்த ஆழம் முதல் நாளிலேயே முடிவாகிவிடுவதில்லை. பர்மிங்காமைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது செத்த பகுதி, அதை மீட்க முடியாது. வெளி ஓரம் வெறும் சிவப்பு, தானாகச் சரியாகும். இரண்டுக்கும் இடையில் ரத்த ஓட்டம் தயங்கி நிற்கும் ஒரு பகுதி இருக்கிறது. அது மதில்மேல் பூனை. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் உடலில் நீர்ச்சத்து குறைந்தாலோ, கிருமி புகுந்தாலோ, காயம் காய்ந்து வறண்டாலோ பூனை தவறான பக்கம் குதிக்கும். நேற்று மேலோட்டமாகத் தெரிந்த காயம் இன்று ஆழமாகிவிடும். அந்த நடு வளையத்தைக் காப்பாற்றுவதுதான் கட்டின் முதல் வேலை. தோலை வளர்ப்பது அதன் வேலையல்ல. தோல் தானே வளரும்.

எங்கிருந்து வளரும்? மயிர்க்கால்களிலிருந்து. மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி ஆகியவற்றின் குழிகளுக்குள் மேல்தோலின் செல்கள் உள்ளாழம் வரை இறங்கியிருக்கின்றன. மேலே வெந்துபோனாலும் கீழே அந்தக் குழிகளில் தப்பியவை வெளியே வந்து பரவி, ஒன்றையொன்று தொட்டுக் காயத்தை மூடுகின்றன. முகத்தில் இந்தக் குழிகள் நெருக்கமாகவும் ஆழமாகவும் உள்ளன. ரத்த ஓட்டமும் தாராளம். முன்கையில் பட்டிருந்தால் வேறிடத்துத் தோலை எடுத்து வைக்கும் தோல் ஒட்டு தேவைப்பட்டிருக்கும் காயம், கன்னத்தில் தானாகவே ஆறிவிடக்கூடும். இயற்கை முகத்துக்குக் கொடுத்திருக்கும் சலுகை இது. அதைக் கெடுக்காமல் இருப்பதே பாதிச் சிகிச்சை.

சலுகை எல்லா இடத்துக்கும் இல்லை. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காதில் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே மெத்தென்ற கொழுப்பு கிடையாது. தோல் போனால் குருத்தெலும்பு வெளியே தெரியும், சீழ் பிடித்தால் காது சுருங்கி உருக்குலைந்துவிடும். அதனால்தான் காதில் தீப்பட்டவருக்குத் தலையணை கொடுப்பதில்லை. சித்திக்கு அது பெரிய குறை. தலையணை கூடவா இல்லை இந்த ஆஸ்பத்திரியில் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்றுப் பட விட்டால் ஆறும் என்ற எண்ணத்தைச் சோதனையில் கவிழ்த்தவர் லண்டனில் வேலை பார்த்த ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர். பன்றித் தோல் நம் தோலுக்குக் கிட்டத்தட்ட நெருங்கியது. இளம் பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடியவை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. 1962-இல் இது வெளியானது. மறு ஆண்டே மனிதத் தோலிலும் இதே முடிவு கிடைத்தது. காரணம் எளிது. புதிய செல்கள் ஈரத்தில்தான் நடக்கும். திறந்த காயத்தில் மேல்பரப்பு வறண்டு பொருக்காகிறது. செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் மட்டம்வரை இறங்கி, சுரங்கம் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மூடிய காயத்திலோ மேல்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. நாம் பொருக்கைப் பார்த்துப் புண் ஆறுகிறது என்று மகிழ்கிறோம். உள்ளே செல்களுக்கு அது முட்டுக்கட்டை.

இந்த அறிவு வருவதற்கு முன் எல்லாம் தலைகீழாக நடந்தது. அதில் ஒரு கட்டம், தோல் பதனிடும் தொழிலைப் பார்த்தவர்களுக்கு விநோதமாக இருக்கும். 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் தீக்காயத்தின்மேல் டானிக் அமிலக் கரைசலை விடும் முறையை அறிவித்தார். டானிக் அமிலம் என்றால் நமக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் மாசிக்காயிலும் இருக்கும் துவர்ப்பின் குடும்பம்தான் அது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் மண்டிகளில் ஆவாரம் பட்டை ஊறிய தொட்டிகளில் பச்சைத் தோலை அமிழ்த்தி, அழுகாத கெட்டித் தோலாக்கியது இந்தத் துவர்ப்புதான். அதையே மனிதக் காயத்தின்மேல் போட்டார்கள். வெந்த தோலிலிருந்து ஏதோ நஞ்சு உடலுக்குள் போகிறது, மேலே ஓடு போட்டு அடைத்துவிட்டால் ஆள் பிழைப்பார் என்பது அன்றைய கணக்கு. பழுப்பு நிறத்தில் ஓடு கட்டியது, நீர் ஒழுகுவது நின்றது, வலியும் குறைந்தது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டுகள் உலகம் முழுவதும் இதுவே முன்னேறிய சிகிச்சையாக இருந்தது.

1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் அந்த முறை முகத்தில் பரீட்சைக்கு வந்தது. எரிபொருள் தொட்டி விமானியின் முன்னால். குண்டு பட்டால் தீ நேராக முகத்துக்கு வரும். கண்ணாடியும் கையுறையும் போடாதவர்களுக்கு முகமும் கைகளும் வெந்தன. மருத்துவமனையில் வழக்கப்படி டானிக் அமிலம். ஓடு இறுகியது, இறுக இறுகச் சுருங்கியது. கீழ் இமை கீழ்நோக்கி இழுபட்டது, மேல் இமை மேலே போனது. கண்ணை மூட முடியவில்லை. மூட முடியாத கண்ணில் கருவிழி வறண்டு புண்ணாகும். தீ தொடாத பார்வையைச் சிகிச்சை பறித்துவிடும். இங்கிலாந்தின் சசெக்ஸில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்த நியூசிலாந்துக்காரர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ இதைக் கண்டு கொதித்தார். எரிந்த விமானத்திலிருந்து குதித்துக் கடலில் விழுந்தவர்களின் காயங்கள், தரையில் இறங்கியவர்களின் காயங்களைவிட நன்றாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். உப்புநீர்த் தொட்டி வைத்து அதில் நோயாளிகளை நனைத்தார். மெழுகு தோய்ந்த வலைத்துணியால் மூடினார். முகத்துக்கும் கைக்கும் டானிக் அமிலம் கூடாது என்று போராடி நிறுத்தவும் செய்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941-இல் ‘கினிப் பன்றிகள் சங்கம்’ என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். நம் வழக்கில் சொன்னால் சோதனை எலிகள் சங்கம்.

அந்த மெழுகு வலைத்துணிக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் அதை உருவாக்கியவர் ஒகுஸ்த் லூமியேர். சினிமாவைத் தந்த லூமியேர் சகோதரர்களில் மூத்தவர்தான். இன்றும் மருந்து சேர்த்த வடிவில் நம் மருத்துவமனைகளில் தினமும் பிரிக்கப்படும் பொட்டலங்களில் அது ஒன்று.

அடுத்து வந்தது வெள்ளைக் களிம்பு. 1968-இல் சார்ல்ஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடையசின். தீக்காயத்தில் கிருமி புகுந்து இறப்பவர்கள் ஏராளமாக இருந்த காலத்தில் அது செய்த உபகாரம் பெரிது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. களிம்பு சில மணி நேரத்தில் காயத்தின் நீரோடு சேர்ந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் படலமாகப் படியும். செத்த தோல் போலவே இருக்கும், ஆனால் தோலல்ல. அதைத் தேய்த்துக் கழுவி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், தினம் ஒரு முறையோ இரு முறையோ. தேய்க்கும்போது முளைக்க ஆரம்பித்த செல்களும் சேர்ந்து போகும். ஆழம் எவ்வளவு என்று பார்க்கவும் முடியாது. புதிய செல்களுக்கு வெள்ளியே கொஞ்சம் நஞ்சுதான். கட்டுகளை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வுகளில், ஆழமில்லாத தீக்காயங்களுக்கு இந்தக் களிம்பு சிலிக்கோன் பூசிய கட்டுகளுக்கும் உயிர்ப்பொருள் கலந்த செயற்கைத் தோல் கட்டுகளுக்கும் பின்னால்தான் நிற்கிறது. கண்ணருகே பூசவும் கூடாது. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், பிறந்து இரண்டு மாதமாகாத குழந்தைகளுக்கும் இது ஆகாது.

இதெல்லாம் தாளில் படித்தால் தெரியாது. தீக்காய வார்டில் காலை ஒன்பது மணிக்கு டிரெஸ்ஸிங் வண்டி வரும். அதன் சக்கரம் ஒன்று கீச்சிடும். அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் வார்டில் பேச்சு நின்றுவிடும். முந்தின நாள் ஒட்டிய காஸ் துணியின் இழைகளுக்குள் காயத்தின் நீர் புகுந்து காய்ந்து சிமென்ட் போல இறுகியிருக்கும். பொறுமையுள்ள செவிலியர் சலைன் என்ற உப்புநீரை ஊற்றி ஊற்றி, கால் மணி நேரம் காத்திருந்து, துணி தானாக விட்டுக்கொடுக்கும்வரை பார்ப்பார். நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் என்றால் அந்தக் கால் மணி நேரத்துக்கு எங்கே போவது? இழுக்கத்தான் வேண்டியிருக்கும். நவீனக் கட்டுகள் வேகமாக ஆற்றுகின்றனவா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடட்டும். அந்தச் சக்கரம் தினமும் வராமல் ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்பதே நோயாளிக்குப் பெரிய வரம்.

சித்தியை இரண்டாம் நாள் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினோம். அதற்குள் முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு கண்களும் மூடிக்கொண்டுவிட்டன. முகத் தீக்காயத்தில் இந்த வீக்கம் ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் கண்ணை முதல் நாளே, இமை திறக்கும்போதே, சோதித்துவிட வேண்டும் என்பார்கள். அதைவிட அவசரம் மூச்சு. மூக்கு மயிர் கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டுப் பேச்சே. தொண்டை வீங்கிவிட்டால் எந்தக் கட்டும் உதவாது. சித்திக்கு அந்த ஆபத்து இல்லை. வெள்ளைக் களிம்பைக் கழுவி எடுத்துப் பார்த்துவிட்டு, கன்னம் ஆழமில்லை, கொலாஜன் போடலாம் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன்.

இந்தக் கொலாஜன் தாளுக்குச் சென்னையோடு நெருங்கிய உறவு உண்டு. கொலாஜன் என்பது நம் தோலின் சட்டம். கட்டடத்துக்குக் கம்பி போல. மாட்டுத் தோலிலும் அதுதான். தோல் பதனிடுவது என்றால், துவர்ப்பு உள்ளே புகுந்து இந்தக் கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்குவதே. 1948-இல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இந்த இழையை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டது. அங்கே நடந்த ஆய்வுகளில் ஒன்று, தோலைக் கெட்டிப்படுத்தாமல் அதிலுள்ள கொலாஜனைத் தனியே பிரித்துச் சுத்தம் செய்து, காயத்துக்கு மேல் இடும் மெல்லிய தாளாக்குவது. டெட்ராய்ட்டில் தோல் தொட்டியின் துவர்ப்பை எடுத்து முகத்தில் ஊற்றினார்கள். அடையாறில் அந்தத் தொட்டிக்குப் போகாத கொலாஜனை எடுத்து முகத்தில் போர்த்தினார்கள். ஒரே தொழிலிலிருந்து வந்த இரண்டு வைத்தியங்கள் இவ்வளவு எதிரெதிராக இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தாள் வைக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். பொட்டலத்துக்குள் அது ஆல்கஹால் திரவத்தில் மிதக்கிறது. அப்படியே வைத்தால் எரிச்சலில் ஆள் துள்ளிவிடுவார். அதனால் சலைன் கிண்ணத்தில் போட்டு நன்றாக அலச வேண்டும். செவிலியர் மூன்று கிண்ணம் மாற்றி அலசினார். காயத்தை முதலிலேயே சுத்தம் செய்து, கிழிந்த கொப்புளத் தோலை எடுத்தாயிற்று. ஈரத் தாளைக் கன்னத்தில் படுக்கவைத்து, ஓரத்தில் நல்ல தோல் மேலும் கொஞ்சம் ஏறும்படி விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரலால் நீவினார். புத்தகத்துக்கு அட்டை போடும்போது காற்றுக் குமிழை நீவி வெளியேற்றுவோமே, அதே கை. அடியில் ஒரு சொட்டு நீர் தங்கினாலும் அந்த இடம் ஒட்டாது. மேலே சில மணி நேரம் காஸ், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். மாலைக்குள் தாள் உலர்ந்து மஞ்சள் படிந்த அப்பளம் போலக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. அன்று இரவு சித்தி முதல் முறையாகத் தூங்கினார். திறந்து கிடந்த நரம்பு முனைகளுக்குக் கூரை கிடைத்துவிட்டது.

உலர்ந்துவிட்டதே, காயக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னாய் என்று கேட்கலாம். உலர்வது தாளின் மேற்புறம். காயத்தை ஒட்டிய அடிப்புறத்தில் ஈரம் அப்படியே இருக்கிறது. பொருக்குக்குப் பதிலாக ஒரு கூரையை நாமே கடன் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். செல்கள் அதற்கு அடியில் சுரங்கம் தோண்டத் தேவையில்லை.

இதற்கும் எல்லை உண்டு. காயம் ஆழமாக இருந்தாலோ அழுக்காக இருந்தாலோ கொலாஜன் வைப்பது சீழுக்கு மூடி போடுவதாகும். தாளுக்கு அடியில் நீர் கோத்தால் கத்தரியால் சிறு சன்னல் வெட்டி வெளியேற்ற வேண்டும்; சீழ் என்றால் தாளையே எடுத்துவிட வேண்டும். மாட்டிலிருந்து வந்தது என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குவதும் முறை. பல இடங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முகம் அவருடையது.

ஏழெட்டு நாள் கழித்து ஓரங்கள் காய்ந்த இலை போல மேலே எழும்பின. சித்தி விரலை வைத்து நெம்பப் பார்த்தார். "இழுக்காதீர்கள் அம்மா. எழுந்ததை மட்டும் நான் வெட்டிவிடுகிறேன்" என்று செவிலியர் கத்தரியோடு வந்தார். தினமும் ஒரு விரற்கடை. பத்தாம் நாள் கன்னத்தில் கடைசித் துண்டும் விழுந்தது. அடியில் குழந்தைத் தோல் போல இளஞ்சிவப்பு.

கொலாஜனுக்கு முன்பே வந்தது கருச்சவ்வு. நஞ்சுக்கொடியோடு வெளிவரும் மெல்லிய பனிக்குடச் சவ்வைத் தோலுக்கு மாற்றாகப் பயன்படுத்தும் முயற்சி 1910-இலேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. மூக்கின் வளைவுக்கும் உதட்டோரத்துக்கும் அதைப் போல நெளிந்து கொடுக்கும் பொருள் வேறில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை வகைகள், சிபிலிஸ் ஆகியவற்றுக்குத் தாயைச் சோதித்த பிறகே எடுக்க வேண்டும் என்பதால், பிரசவ வார்டும் ஒழுங்கான சேமிப்பும் உள்ள இடங்களுக்குத்தான் அது சரிப்படும்.

ஆலையில் செய்யும் கட்டுகளில் நார்த்துணி வகை, காயத்தின் நீரைக் குடித்துக் கூழாகி அங்கேயே இருந்துவிடும். அதில் வெள்ளி சேர்த்ததும் உண்டு. சிலிக்கோன் நுரைத் தகட்டின் சாமர்த்தியம் ஒட்டுவதில் இருக்கிறது: உலர்ந்த நல்ல தோலில் ஒட்டும், ஈரமான காயத்தில் ஒட்டாது. எடுக்கும்போது செல்கள் கூடவே வருவதில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலச் சவ்வு தோலோடு தோலாக ஒளி ஊடுருவும்படி மாறிவிடும், விலையைக் கேட்டால் நமக்கு வலிக்கும். நுண்படிக வெள்ளிக் கட்டில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. அதைச் சலைனால் நனைக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரால்தான் நனைக்க வேண்டும். சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துப் படியவைத்துவிடும். விலை உயர்ந்த கட்டு வெறும் துணியாகிவிடும். இது தெரியாமல் வீணாவது நிறைய. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுத்தமான, ஆழமில்லாத கன்னக் காயத்துக்கு வெள்ளியே தேவையில்லை என்பது என் எண்ணம். கிருமி இல்லாத இடத்தில் கிருமிநாசினி, திருடன் வராத வீட்டுக்குப் பீரங்கி வாங்குவது போல. காசும் வீண், செல்லுக்கும் கேடு.

முகம் கட்டுக் கட்டுவதற்கு ஏற்ற இடமும் அல்ல. கண், மூக்கு, வாய் என்று ஓட்டைகள்; சாப்பிட்டால், பேசினால், அழுதால் அசையும். வாயோரத்தில் கஞ்சி ஒழுகும், மூக்கோரத்தில் சளி. ஆண்களுக்குத் தாடி முளைத்து நீரோடு சேர்ந்து கெட்டியாகும் என்பதால் சுற்றிலும் மழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் உலகின் பல நல்ல மருத்துவமனைகளில் இன்னமும் முகத்தைத் திறந்துவைத்தே பார்க்கிறார்கள்: மெதுவாகக் கழுவி, வாஸ்லினோ நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்போ மெல்லியதாகப் பூசி, அது உலரும் முன் மறுபடி பூசுவது. இது காயவிடுவது ஆகாது. எடின்பரோ மருத்துவர் வாலஸ் 1940-களின் இறுதியில் பரப்பிய, காயத்தைத் திறந்துவைத்து உலரவிடும் முறையிலிருந்து இது வேறு. களிம்பே இங்கே ஈரக் கூரை. நெற்றியிலும் கன்னத்திலும் தாள், இமையிலும் உதட்டிலும் களிம்பு என்று கலந்து செய்வதும் உண்டு. சித்தியின் காதுக்குக் களிம்புதான்.

எது மேல்? முகத் தீக்காயத்துக்கென்றே நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2020-இல் வந்தது. எந்தப் பூச்சும் கட்டும் மற்றதைவிடச் சிறந்தது என்று அறுதியிடச் சான்று போதவில்லை என்பதே அதன் சாரம். ஆகவே விற்பனைப் பிரதிநிதி கையில் கொடுக்கும் வழவழப்பான தாளில் இருக்கும் ‘தழும்பே வராது’ என்ற வரியை நம்ப வேண்டாம். தழும்பைத் தீர்மானிப்பது ஆழமும் நாட்களும். மூன்று வாரத்துக்குள் மூடிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்; அதைத் தாண்டினால் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதனால்தான் பத்து நாள் போல நல்ல கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வாரத்துக்குள் மூடாது என்று தெரியும் இடத்துக்குத் தோல் ஒட்டு போடுகிறார்கள். முகத்துக்குப் போடும் ஒட்டை வலை போல விரித்துப் போடுவதில்லை. வலையின் கட்டம் ஆயுளுக்கும் தெரியும். முழுத் தாளாக, நெற்றி ஒரு துண்டு, கன்னம் ஒரு துண்டு என்று இயற்கையான மடிப்புகளில் தையல் விழும்படி வைப்பார்கள். தலையை மழித்து மண்டைத் தோலிலிருந்து எடுத்தால் நிறம் பொருந்தும். எடுத்த இடத்தை மயிர் மூடிவிடும். இமை சுருங்கிக் கண் மூடாமல் போனால் மட்டும் பத்து நாள் கணக்கு செல்லாது, உடனே செய்தாக வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களுக்கு வருகிறவர்களில் இறக்குமதிக் கட்டு வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மும்பையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட மருத்துவர் கேஸ்வானி, 1985-இல் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸில் ஒட்டிக் கட்டாகப் பயன்படுத்தினார். 2003-இல் அதே நகரத்தின் மருத்துவர்கள் வாழை இலையைக் காஸில் ஒட்டி, நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தியதை அறிவித்தார்கள். இலை காயத்தில் ஒட்டவில்லை, எடுக்கும்போது வலிக்கவில்லை, விலையோ சொற்பம். தீக்காயக்காரரை வாழை இலையில் கிடத்தும் பழைய வழக்கம் நம்மிடம் உண்டு. காற்றுப் படட்டும் என்று சொன்ன அதே பாட்டிகள்தான் இதையும் சொன்னார்கள். மழமழப்பு, ஈரம், ஒட்டாமை. சிலிக்கோன் தகடு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே குணங்கள். அதற்காகக் கொல்லையில் அறுத்த இலையை அப்படியே முகத்தில் வைத்துவிடக் கூடாது; கிருமி நீக்கியது என்பதுதான் மும்பைக் கட்டின் பாதி.

கன்னம் மூடிய பிறகும் சித்தியின் வேலை முடியவில்லை. புதுத் தோலில் எண்ணெய்ச் சுரப்பு திரும்ப வாரங்களாகும். அதுவரை தினம் பலமுறை ஈரக்களிம்பு தடவி நீவ வேண்டும். தடிக்கிற மாதிரி தெரிந்தால் சிலிக்கோன் ஜெல். அரிப்பு வரும், இரவில் அதிகமாக. நம் தோலில் நிறம் திரும்புவது தனிக் கதை. முதலில் வெளுப்பு, பிறகு ஓரங்களிலிருந்து கருமை. வெயில் பட்டால் அந்தக் கருமை அழுத்தமாகி நின்றுவிடும். ஒரு வருடம் வெயில் கூடாது என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். சன்ஸ்கிரீன் பாட்டில் ஒன்று வாங்கினோம். அது தீர்ந்ததும் அவர் வாங்கவில்லை. சித்தப்பாவின் பழைய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டார். மாசி மாதத்தில் ரேஷன் கடை வரிசையில் குடை பிடித்து நின்றவர் அவர் ஒருவர்தான். மழையா பெய்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கன்னம் காய்ந்துவிடக் கூடாதாம்" என்றார்.